குருளை

தொல்காப்பியத்தின் 27 இயல்களில் கடைசியாக நிற்பது மரபியல். உயிர்களின் இளமைக்கு வழங்கும் பெயர்கள் அதன் தொடக்கத்திலேயே வரிசையாகச் சொல்லப்படுகின்றன. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது. இந்தப் பகுதியை 16 ஆண்டுகளாக மாணவர்களுக்கு நடத்திவருகிறேன். நடத்துகிறேன் என்பதைக் காட்டிலும் ஒப்பிக்க வைக்கிறேன் என்பதே உண்மை. தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவாக வரக்கூடிய இடம். எந்த உயிருக்கு எந்தப் பெயர் என்று பொருத்தி எழுதத் தெரிந்தால் போதும்.

நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் குருளை என்பது பெயர் என்கிறது நூல். ஆராய்ந்தால் நரிக்கும் அதுவே. குட்டி, பறழ் என்று சொன்னாலும் விலக்கில்லை. பிள்ளை என்றும் சொல்லலாம். ஆனால் நாயை மட்டும் நீக்கிவிட்டு என்று அடுத்து ஒரு விதி வருகிறது. புலியின் குட்டி பிள்ளையாகலாம், பன்றியின் குட்டியும் ஆகலாம், நாயின் குட்டி மட்டும் ஆகாது. நம்முடைய பேச்சுவழக்கும் ஏறத்தாழ இந்த விதியைக் காத்துவந்திருக்கிறது. அணிற்பிள்ளை உண்டு, கீரிப்பிள்ளை உண்டு, கிளிப்பிள்ளை உண்டு, மரத்திலேகூடத் தென்னம்பிள்ளை உண்டு. நாய்ப்பிள்ளை கிடையாது. வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவர்கள் சிரிப்பார்கள். நானும் உடன் சிரித்துவிட்டு அடுத்த நூற்பாவுக்குப் போய்விடுவேன்.

2024 நவம்பரில் பிறந்து ஐந்து நாள்களே ஆன ஐந்து நாய்க்குட்டிகளை வீட்டில் வைத்துப் பேண வேண்டி வந்தது. நாய் வளர்ப்பில் எனக்கு எந்தத் தேர்ச்சியும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தையும் காப்பாற்ற முடியவில்லை என்பதையும்.

*

நாங்கள் குடியிருப்பது பாளையங்கோட்டையில், ஊரின் ஓரமாக வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு தெருவில். எதிரில் சாலை. சாலைக்கு அப்பால் நெடுநாளாகக் காலியாகக் கிடக்கும் மனை. அதில் யாரோ இறக்கிப்போட்ட சிமெண்ட் குழாய்கள். எங்கள் தெருவில் ஒரு செவலை நாய் சுற்றிக்கொண்டிருந்தது. கருத்தடை செய்து விடப்பட்ட தெருநாய்களுக்குக் காது நுனியில் அடையாளமாக ஒரு வெட்டு இருக்கும். இதன் காதில் அது இல்லை. இரவில் மிஞ்சும் சோற்றை மனைவி வாசலில் வைப்பாள். அது வந்து தின்றுவிட்டுப் போய்விடும். எங்களுக்கும் அதற்குமான உறவு அவ்வளவுதான்.

அக்டோபர் 31, தீபாவளி. மாலை நான்கு மணியிலிருந்தே வெடிச்சத்தம் தொடங்கிவிட்டது. வயிறு தரையைத் தொடுமளவு தொங்க, அந்த நாய் எங்கள் வாசலுக்குள் நுழைந்து மாடிப்படிக்கு அடியில் போய் முன்கால்களால் தரையைப் பிறாண்டத் தொடங்கியது. அங்கே பழைய செய்தித்தாள்களும் மகளின் பழைய சைக்கிளும் கிடந்தன. ஈனப்போகும் நாய் மறைவான இடம் தேடிப் படுக்கை பறிக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது தெரிந்திருந்தாலும் நான் வேறுவிதமாக நடந்திருப்பேனா என்பது ஐயமே. பண்டிகை நாள், விருந்தினர் வரும் நேரம், காலையில்தான் கழுவிவிட்ட தரை. துடைப்பத்தைத் தரையில் தட்டி அதை விரட்டினேன். ஒருமுறை திரும்பி வந்தது. மீண்டும் விரட்டிவிட்டுக் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டேன். அது சாலையைக் கடந்து காலிமனைக்குள் போவதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை சிமெண்ட் குழாய்க்குள்ளிருந்து குட்டிகளின் முனகல் கேட்கிறது என்று மகள் வந்து சொன்னாள். மனைவி வழக்கமான இரவுச் சோற்றை மூன்று வேளையாக்கினாள். பாலூட்டும் நாய் என்பதால் பசி அதிகம். நாள்தோறும் மூன்று முறை சாலையைக் கடந்து வந்து, தின்று, மூன்று முறை திரும்பிக் கடந்து போயிற்று. நவம்பர் 5 விடியற்காலையில் ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டது. ஓட்டியவர் நின்றாரா என்று தெரியவில்லை. நான் பால் வாங்கப் போனபோது அது சாலையோரத்தில் கிடந்தது. முகம் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்ததா காலிமனைப் பக்கமா என்று அன்று முழுவதும் மனம் கேட்டுக்கொண்டே இருந்தது. எந்தப் பக்கம் இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். படிக்கட்டுக்கு அடியில் இடம் கிடைத்திருந்தால் அதற்குச் சாலையைக் கடக்கும் தேவையே இல்லை.

திருவண்ணாமலை வட்டாரத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது; கோவிவன் என்ற அதன் பெயரும் கள்ளனைக் கடித்த அதன் செயலும் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நடுகற்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தமிழர் நாயைப் போற்றியதற்குச் சான்றாக இதை நான் எடுத்துச் சொல்வதுண்டு. அன்று காலை தூய்மைப் பணியாளர் ஒருவர் செவலையைத் தள்ளுவண்டியில் தூக்கிவைத்தபோது நான் பால் பாக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

*

குட்டிகளை எடுத்து வந்தது மகள்தான். பன்னிரண்டாம் வகுப்பு, அன்று பள்ளிக்குப் போகவில்லை. காலணி வாங்கிய அட்டைப்பெட்டியோடு போனவள், அது போதாமல் திரும்பி வந்து காய்கறிக் கூடையை எடுத்துப் போனாள். குழாய்க்குள் ஆறு இருந்தன. ஒன்று இறந்து எறும்பு மொய்த்துக் கிடந்தது. மற்றவற்றின் மேலும் எறும்புகள் ஏறியிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, துணியால் துடைத்து, காது மடலுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் எறும்பைப் பொறுக்கினாள். ஐந்தில் மூன்று பெட்டை, இரண்டு கடுவன்.

நாய்க்குட்டி என்றால் நமக்கு மனத்தில் எழும் உருவம், வாலை ஆட்டிக்கொண்டு காலைச் சுற்றுவது. ஐந்து நாள் குட்டி அந்த உருவத்துக்குள் அடங்காது. கண் மூடியிருக்கிறது. காதுத் துளையும் அடைத்திருக்கிறது. ஓசையும் ஒளியும் இல்லாத உயிர் அது. நிற்க இயலாது, வயிற்றால் நகரும். தலையை இடமும் வலமுமாக அசைத்து வெப்பம் வரும் திசையைத் தேடும். குளிரில் நடுங்குகிற இயல்புகூட முதல் வாரத்தில் அதற்கு வாய்ப்பதில்லை. நடுக்கமும் உடம்பு வெப்பம் உண்டாக்கிக்கொள்ளும் ஒரு வழி என்பதை அதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை. அதற்கு வெப்பம் என்பது தாயின் வயிறும் உடன்பிறந்தவற்றின் உடம்பும்தான்.

நாங்கள் செய்த முதல் காரியம் பால் கொடுத்தது. அதுதான் முதல் தவறு. ஐப்பசி மழைக்குளிரில் சிமெண்டுக்குள் கிடந்து சில்லிட்டுப் போயிருந்த குட்டிகளுக்கு முதலில் வேண்டியது சூடு. உடம்பு குளிர்ந்திருக்கும்போது குடல் வேலை செய்வதில்லை. கொடுக்கும் பால் செரிக்காமல் உள்ளேயே கிடந்து கெடும். மெதுவாக, ஒன்றிரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டு உடம்பைச் சூடேற்றிய பிறகே உணவு. இது எங்களுக்குத் தெரியாது. இரண்டாவது தவறு, கொடுத்தது பசும்பால். நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பசும்பாலில் மிகுதியாக இருப்பது பால்சர்க்கரை. அது குட்டிகளுக்கு வயிற்றோட்டத்தைத்தான் கொடுக்கும்.

மூன்றாவது தவறு என்னுடையது மட்டும். பரணில் மகளுக்குப் பால் புகட்டிய பழைய வெள்ளிப் பாலாடை இருந்தது. அதைத் தேடி எடுத்துக் கழுவி, இருந்தவற்றில் கொழுத்த கடுவன் குட்டியை, பச்சைக்குழந்தையை மடியில் இடுவதுபோல மல்லாத்திப் பிடித்து, வாயில் பாலைச் சாய்த்தேன். இரண்டு மிடறு இறங்கிற்று. பிறகு இருமல் போன்ற ஓர் ஓசை. மூக்குத் துளைகளில் பால் நுரைத்து வந்தது. பயந்துபோய்த் துடைத்தேன். சற்று நேரத்தில் அடங்கிவிட்டது. சரியாகிவிட்டது என்று நினைத்து மீதிப் பாலையும் அப்படியே புகட்டினேன்.

மறுநாள் காலை, தெருமுனையில் ஆடு வளர்க்கும் ஆச்சி விஷயம் கேள்விப்பட்டு வந்தாள். எழுபது வயது இருக்கும். நான் பாலாடையோடு உட்கார்ந்திருந்த கோலத்தைக் கண்டதும் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"எய்யா, என்ன காரியம் பண்ணுதிய! பிள்ளையள மல்லாக்கப் போட்டா பால் ஊத்துவாவ? தாய்நாய் கிட்ட அதுக எப்படிக் குடிக்குன்னு பாத்ததே இல்லியா? குப்புறக் கிடந்து மண்டையத் தூக்கில்லா குடிக்கும்."

குட்டி ஒன்றை என் கையிலிருந்து வாங்கி, மடியில் விரித்த துண்டின்மேல் வயிறு படியுமாறு கிடத்தி, தாடைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தலையை இலேசாக உயர்த்தினாள். துணித்திரியைப் பாலில் நனைத்து உதட்டில் வைத்தாள். அது சப்பத் தொடங்கியது. முன்கால்கள் இரண்டும் அவளுடைய தொடையை மாறி மாறி அழுத்தின. தாயின் மடியை அழுத்திப் பால் சுரக்கச் செய்வதற்கான அசைவு அது. அங்கே மடி இல்லை என்பது அதற்குத் தெரியவில்லை.

பிள்ளையள என்று அவள் சொன்ன சொல் அந்த நேரத்தில் என் காதில் விழவில்லை. நானும் அப்போது கற்றுக்கொள்ள வேண்டிய அவசரத்தில் இருந்தேன்.

*

கால்நடை மருத்துவர் இளம்பெண். கூடையைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, தாய்ப்பால் எத்தனை நாள் குடித்தன என்பது. ஐந்து நாள் என்றேன். நல்லது என்றார். பிறந்த முதல் நாளில் கிடைக்கும் சீம்பாலில்தான் நோயெதிர்ப்பு ஆற்றலின் பெரும்பகுதி இருக்கிறதாம்; அந்த ஒரு நாள் கடந்தபின் குட்டியின் குடல் அதை ஏற்றுக்கொள்ளும் திறனை இழந்துவிடுகிறது. செவலை தன் பங்கைச் செய்துவிட்டுத்தான் போயிருந்தது. இரண்டாவது கேள்வி, தாய் யாரையாவது கடித்ததா, நடத்தையில் மாற்றம் இருந்ததா என்பது. வெறிநோய் பற்றிய எச்சரிக்கை. அப்படி ஏதுமில்லை. எனினும் குட்டிகளைத் தொடும் முன்னும் பின்னும் சோப்பிட்டுக் கை கழுவச் சொன்னார். கீறலோ கடியோ பட்டால் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்.

பாலாடை குடித்த கடுவன் குட்டியின் மார்பில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். நுரையீரலுக்குள் பால் போயிருக்கிறது என்றார். மருந்து கொடுத்தார். நவம்பர் 8 பின்னிரவில் அது இறந்தது. மூச்சு ஒவ்வொன்றுக்கும் வாய் திறந்து திறந்து மூடியது. மகளை எழுப்பவில்லை. முருங்கை மரத்தடியில் நானே குழி தோண்டினேன். கேட்டைச் சாத்தியதையாவது இது ஊர்வழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அப்படி எதுவும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. நன்மை செய்கிறோம் என்ற நினைப்பில் என் கையே செய்த காரியம் இது.

மீதி நான்கும் பிழைத்தன. எப்படிப் பிழைத்தன என்பதை, வேறு யாருக்காவது பயன்படக்கூடும் என்பதால் எழுதிவைக்கிறேன்.

பெரிய அட்டைப்பெட்டி. அடியில் செய்தித்தாள், அதன்மேல் பழைய பருத்திப் புடவை. ஒரு மூலையில் மட்டும் வெப்பம் விழுமாறு மேலே தொங்கவிட்ட 60 வாட் குண்டுபல்பு. முதல் வாரம் குட்டிகள் கிடக்கும் இடம் 30 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். பிறகு வாரந்தோறும் கொஞ்சமாகக் குறைக்கலாம். பெட்டி முழுவதையும் சூடாக்கக் கூடாது. அதிகம் சுட்டால் நகர்ந்து போக அவற்றுக்குக் குளிர்ந்த ஒரு மூலை வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கத்தினால் குளிர் என்று பொருள். ஒன்றுக்கொன்று விலகி நீட்டிப் படுத்து மூச்சு வாங்கினால் வெப்பம் மிகுதி. பக்கம் பக்கமாகப் படுத்து அமைதியாகத் தூங்கினால் சரி. தூக்கத்தில் காலும் உதடும் அவ்வப்போது துடிக்கும். முதலில் அதை வலிப்பு என்று நினைத்து அஞ்சினோம். அது நலத்தின் அடையாளம், தூக்கத்திலேயே தசை வலுப்பெறுகிறது என்றார் மருத்துவர்.

பால், நாய்க்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவு. வெந்நீரில் கரைத்து, உள்மணிக்கட்டில் ஒரு துளி விட்டுச் சூடு பார்த்து, ஊசி நீக்கிய சிரிஞ்சின் முனையில் சிறு ரப்பர் காம்பைச் செருகிச் சொட்டுச் சொட்டாக. 100 கிராம் எடைக்கு ஒரு வேளைக்கு 4 மில்லி என்பது வரம்பு. அதற்குமேல் சின்ன வயிறு தாங்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவும் பகலும். பால் கொடுத்த பிறகு இன்னொரு வேலை இருக்கிறது. பிறந்த குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கவோ மலம் கழிக்கவோ தெரியாது. தாய் நக்கிக்கொடுத்தால்தான் போகும். வெந்நீரில் நனைத்த பஞ்சால் வயிற்றின் அடிப்பகுதியை மெல்லத் தடவ வேண்டும். ஏறத்தாழ மூன்று வாரம் வரை இது ஒவ்வொரு வேளையும் நடந்தாக வேண்டும். தாய்மை என்று நாம் பாடி வைத்திருப்பதில் பாதி இந்தப் பஞ்சு வேலைதான் என்று ஆச்சி ஒருநாள் தன் மொழியில் சொன்னாள். அவளுடைய சொற்களை இங்கே எழுத முடியாது.

எடை பார்ப்பது மகளின் பொறுப்பு. சமையலறைத் தராசில் எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து, அதில் குட்டியை வைத்து, வேதியியல் செய்முறை ஏட்டின் கடைசிப் பக்கங்களில் கோடு போட்டுக் குறித்தாள். நாள்தோறும் எடை ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் ஏறாமல் நின்றால் கவனிக்க வேண்டும். குறைந்தால் மருத்துவரிடம் ஓட வேண்டும். கத்துகிற குட்டியைவிடக் கத்தாமல் தனியே ஒதுங்கிக் கிடக்கிற குட்டியைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும் என்பதும் அந்த ஏட்டில் அவள் கையெழுத்தில் இருக்கிறது.

*

பகல் வேளைகளை மனைவி பார்த்துக்கொண்டாள். இரவு வேளைகள் என்னுடையவை என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏன் என்று மனைவி கேட்கவில்லை. குட்டி இறந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் என்னிடம் அதிகம் கேட்கவில்லை.

பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. அலைபேசியில் மணி வைத்திருந்தேன். இரண்டு நாளுக்குப் பிறகு மணி அடிக்கும் முன்னரே விழிப்பு வந்தது. அகமதிப்பீட்டுத் தேர்வுத்தாள்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையே இரண்டு தாள் திருத்துவேன். ஒரு மாணவனின் விடைத்தாளில் பால் கறை படிந்துவிட்டது. மதிப்பெண்ணைக் கொஞ்சம் கூட்டிப் போட்டேன்.

ஒருநாள் இரண்டு மணிக்கு மனைவி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தாள். கூடத்தில் பல்பு வெளிச்சத்தில் மடியில் துண்டோடு நான் உட்கார்ந்திருப்பதைக் கதவோரம் நின்று பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"இவ பிறந்தப்போ ஒரு ராத்திரியாவது இப்படி எந்திச்சிருக்கியளா?"

குறை சொல்லும் குரலே அல்ல. நினைவு வந்தது, சொன்னாள், தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். நான் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு இருந்தால்தானே?

மகள் பிறந்தது 2007இல். அந்த ஆண்டு நான் தேசிய தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் தேறினால்தான் கல்லூரி வேலை. வீட்டில் இருந்த இரண்டு அறைகளில் ஒன்றை எனக்கென்று ஒதுக்கிக் கதவைச் சாத்திக்கொள்வேன். மற்ற அறையில் குழந்தை அழும். மனைவி எழுந்து, சில நேரம் என் அம்மாவும் எழுந்து, அழுகை அடங்கும். அது எப்படி அடங்கியது, அடங்குவதற்கு என்னென்ன செய்யப்பட்டது என்று நான் அறிந்ததில்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் நான் மனப்பாடம் செய்துகொண்டிருந்த பகுதிகளில் மரபியலும் ஒன்று. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. இந்த வரிசையைப் பிழையில்லாமல் சொல்லக் கற்றுக்கொண்ட அதே இரவுகளில் அடுத்த அறையில் ஒரு குழவி அழுதுகொண்டிருந்தது என்பதும், இரண்டுக்கும் ஏதேனும் தொடர்பு இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை என்பதும், 17 ஆண்டு கழித்து, ஒரு பெட்டைக் குட்டியின் வயிற்றைப் பஞ்சால் தடவிக்கொண்டிருந்தபோது நினைவுக்கு வந்தது.

அந்தப் படிப்பால்தான் இந்த வீடு நடக்கிறது என்பதை மறுக்கவில்லை. வேலை தேவைப்பட்டது, படித்தேன். ஆனால் கதவை முழுவதுமாகச் சாத்தியிருக்க வேண்டியதில்லை.

*

நவம்பர் 12 காலையில் ஒரு குட்டியின் இடக்கண் ஓரத்தில் சிறு கீற்று தெரிந்தது. மாலைக்குள் பாதி திறந்தது. இரண்டு நாளில் நான்கும் விழித்துவிட்டன. பிறந்த பத்தாம் நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் கண் திறக்கும். அவசரப்பட்டு நாமாகத் திறந்துவிடக் கூடாது. திறந்த கண் சாம்பல் நீலத்தில் கலங்கிய நீர்போல் இருக்கும்; உருவம் தெளியப் பின்னும் சில நாள் ஆகும். வெளிச்சம் மிகுதியாகப் படக்கூடாது என்று பல்புக்கு ஓர் அட்டை மறைப்புக் கட்டினோம். அடுத்த சில நாள்களில் காது திறந்தது. மகள் கரண்டியால் கிண்ணத்தைத் தட்டினாள். நான்கு தலைகளும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. அதுவரை எங்களை வெப்பமாகவும் மணமாகவும் மட்டுமே அறிந்திருந்தவை அன்றுதான் எங்களைக் கேட்டன.

இரண்டு வாரம் நிறைந்ததும் முதல் குடற்புழு மருந்து. புழு பிறந்த பிறகுதான் தொற்றும் என்று நினைத்திருந்தேன். தாயின் வயிற்றுக்குள்ளேயே குட்டிக்கு இறங்கிவிடுமாம். மூன்றாம் வாரத்தில் தள்ளாடி நின்றன, பால்பல் முளைத்தது, ஒன்றையொன்று கடித்து விளையாடத் தொடங்கின. தன் கடி அடுத்ததற்கு வலிக்கும் என்பதைக் குட்டி கற்பது இந்தக் கடி விளையாட்டில்தான். எட்டு வாரம் ஆகும் வரை ஒன்றாகவே வைத்திருங்கள், அவசரப்பட்டுப் பிரித்துக் கொடுக்காதீர்கள் என்று மருத்துவர் சொன்னதற்கு அதுவே காரணம். நான்காம் வாரத்தில் பால்மாவில் குழைத்த சோறு, பிறகு அவித்த முட்டை. தட்டில் வைத்த முதல் நாள் நான்கும் தட்டுக்குள் இறங்கி நடந்தன.

டிசம்பர் 12, 13 தேதிகளில் பெருமழை. தாமிரபரணியில் வெள்ளம். காலிமனை குளமாயிற்று, சிமெண்ட் குழாய்கள் முக்கால் முழுகிக் கிடந்தன. கூடத்துச் சன்னலிலிருந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் காலைச் சுற்றி நான்கும் ஓடிக்கொண்டிருந்தன. செவலைக்கு மழை வரும் என்று தெரிந்துதான் எங்கள் படிக்கட்டைத் தேடி வந்தது என்றெல்லாம் சொல்லமாட்டேன். அதற்குத் தேவைப்பட்டது நனையாத ஓர் இடம். எங்களிடம் இருந்தது.

ஏழாம் வாரத்தில் முதல் தடுப்பூசி. பிறகு ஆள் தேடும் படலம். விசாரித்தவர்கள் எல்லாம் இரண்டு கேள்விகளைத்தான் கேட்டார்கள். ராஜபாளையமா, சிப்பிப்பாறையா? கடுவனா, பொட்டையா? நாட்டு நாய் என்றதும் பாதிப்பேர் போய்விட்டார்கள். மிஞ்சியிருந்த ஒரே கடுவனை முதல் நாளே ஒருவர் கொண்டுபோனார். பெட்டை மூன்றும் அப்படியே இருந்தன. குட்டி போடுமே, யார் பார்ப்பது என்பது எல்லோருடைய மறுமொழி. ஆறேழு மாதத்தில் கருத்தடை செய்துவிடலாம், செலவை நான் ஏற்கிறேன் என்று நான் சொன்னதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. சந்தை முனையிலும் கோயில் வாசலிலும் கொண்டுபோய் விடப்படும் குட்டிகள் பெரும்பாலும் பெட்டைகளாக இருப்பதன் காரணத்தை அந்த இரண்டு வாரத்தில் தெரிந்துகொண்டேன். இறுதியில் ஒன்றை என் மாணவன் ஒருவன் தன் வீட்டு ஆட்டுக் கிடைக்குக் காவலாகக் கொண்டுபோனான். இன்னொன்றைக் கல்லூரி இரவுக் காவலர் எடுத்துக்கொண்டார். மூன்றாவது எங்கும் போகவில்லை.

அதற்கு மகள் ஒரு பெயரும் மனைவி ஒரு பெயரும் வைத்தார்கள். எதற்கும் அது திரும்பிப் பார்ப்பதில்லை. மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டோம். பிறகு கருத்தடையும் ஆயிற்று. தாயைப் போலவே செவலை நிறம். மாடிப்படிக்கு அடியில்தான் படுக்கை. ஆச்சி ஆடு ஓட்டிக்கொண்டு போகும்போது வாசலில் நின்று கேட்பாள்: "பிள்ளை தின்னுட்டா எய்யா?" அந்தக் குரலுக்கு மட்டும் எழுந்து ஓடும்.

அப்போதுதான் அந்தச் சொல் என் காதில் விழுந்தது. முதல் நாளே அவள் அதைச் சொல்லியிருந்தாள் என்பதும் நினைவு வந்தது. அவளுக்கு ஆட்டுக்குட்டியும் பிள்ளை, நாய்க்குட்டியும் பிள்ளை, நானும் ஏறத்தாழ அப்படித்தான். மரபு என்பது உயர்ந்தோர் வழக்கு என்பார்கள் உரைகாரர்கள். ஆச்சியின் வழக்கு அந்தக் கணக்கில் வராது. ஆனால் எந்த உயிரை எப்படிக் கிடத்திப் பாலூட்ட வேண்டும் என்று அந்தத் தெருவில் அறிந்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

அடுத்த பருவத்தில் மரபியல் நடத்தும்போது, வழக்கமாகச் சிரித்துவிட்டுக் கடக்கும் இடத்தில் ஒரு மாணவி எழுந்து, "நாய்க்கு மட்டும் ஏன் ஐயா பிள்ளைன்னு சொல்லக் கூடாது?" என்று கேட்டாள். நூல் காரணம் சொல்லவில்லை, அக்கால வழக்கைப் பதிவு செய்கிறது என்றேன். பிறகு, எப்படித் தொடங்கினேன் என்று தெரியவில்லை, குருளைக்குப் பால் புகட்டும்போது மல்லாத்தக் கூடாது, குப்புறக் கிடத்தித் தலையை உயர்த்த வேண்டும், உடம்பு சில்லிட்டிருந்தால் முதலில் சூடு, பிறகே பால் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வகுப்பு அமைதியாகக் கேட்டது. கடைசி வரிசையில் ஒருவன் கையுயர்த்தினான்.

"ஐயா, இது பரீட்சைக்கு வருமா?"

வராது என்றேன். இருந்தாலும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.